சாந்தி ஓடிய 800 மீற்றர்



கோடை வந்தால் மல்வேர்ன் மைதானங்களில் எங்கள் பிள்ளைகள் ஓடுவதைக் காண்கிறோம். அதனால் இந்த மாத உரைக்கு ஓர் ஓட்ட வீராங்கனையின் வரலாற்றை எடுத்துக்கொண்டேன். அவர் பெயர் சாந்தி சௌந்தரராஜன்.

தமிழ்நாட்டின் புதுக்கோட்டை மாவட்டத்தில் கத்தக்குறிச்சி என்ற கிராமத்தில் 1981இல் பிறந்தவர். பெற்றோர் செங்கல் சூளையில் கூலி வேலை செய்தவர்கள், தலித் குடும்பம். ஓடக் கற்றுக்கொடுத்தவர் அவருடைய தாத்தா. பாடசாலைப் போட்டிகளில் கிண்ணங்களை வென்றபின் படிப்புக்கும் சாப்பாட்டுக்கும் உதவி கிடைத்தது.

800 மீற்றர் என்பது மைதானத்தை இரண்டு முறை சுற்றும் ஓட்டம். முதற் சுற்றில் வேகத்தை அள்ளி இறைத்தால் கடைசி நூறு மீற்றரில் கால் எழும்பாது. அடக்கி ஓடினால் முன்னே போனவரைப் பிடிக்க முடியாது. இந்தக் கணக்கைச் சாந்தி நன்றாகக் கற்றார். 2005இல் தென்கொரியாவின் இன்சியோன் நகரில் நடந்த ஆசிய மெய்வல்லுநர் போட்டியில் வெள்ளி வென்றார். 2006 டிசம்பரில் டோஹா ஆசிய விளையாட்டுப் போட்டியில் 2 நிமிடம் 3.16 செக்கனில் ஓடி, கசகஸ்தான் வீராங்கனையை மயிரிழையில் முந்தி மீண்டும் வெள்ளி வென்றார். தங்கம் பஹ்ரேனின் மரியம் யூசுப் ஜமாலுக்கு.

சில நாட்களில் எல்லாம் தலைகீழானது. ‘பாலினச் சோதனை’யில் அவர் தேறவில்லை என்று செய்தி வந்தது, பதக்கம் பறிக்கப்பட்டது. அவர் ஊக்கமருந்து எடுத்ததாக யாரும் குற்றம் சாட்டவில்லை. பேச்சு முழுவதும் அவருடைய பிறவி உடற்கூறு பற்றியது. என்ன சோதனை என்று தமக்கு விளக்கப்படவில்லை என அவர் பின்னர் கூறியிருக்கிறார். ஆனால் ஒரு பெண்ணின் அந்தரங்கத்தை உலகத் தொலைக்காட்சிகள் எல்லாம் பேசின. அன்றைய முதலமைச்சர் கருணாநிதி மட்டும் 15 இலட்சம் ரூபா பரிசை அவருக்கே வழங்கினார்.

நான் கணக்காளர். ஒரு பதிவில் சந்தேகம் வந்தால் அதற்குரியவரிடம் முதலில் விளக்கம் கேட்பதும், பதிலைக் கேட்டபின் முடிவு எழுதுவதும் எங்கள் தொழிலின் அரிச்சுவடி. சாந்தியின் விடயத்தில் முடிவு முதலில் வந்தது. கேள்வி வரவே இல்லை.

அதன்பின் நடந்தவற்றை ஒப்பிட்டுப் பாருங்கள். 2009இல் பேர்லினில் அதே 800 மீற்றரில் உலக வெற்றியாளரான காஸ்ரர் செமென்யாவுக்கும் இதே சந்தேகம் எழுந்தது. தென்னாபிரிக்கா அவர் பின்னால் நின்றது. அவருடைய தங்கம் அவரிடமே இருந்தது. 2014இல் ஒடிசாவின் டூட்டி சந்த் அணியிலிருந்து நீக்கப்பட்டபோது, அவருக்காகச் சம்பளம் வாங்காமல் வழக்காடியவர்கள் எங்கள் ரொறன்ரோ சட்டத்தரணிகள். துணை நின்றவர்களில் ஒருவர் புரூஸ் கிட். 1962 பேர்த் பொதுநலவாயப் போட்டியில் ஆறு மைல் ஓட்டத்தில் கனடாவுக்குத் தங்கம் வென்றவர். பிறகு எங்கள் ஸ்காபரோ பல்கலைக்கழக வளாகத்தின் முதல்வராக இருந்தவர். 2015 ஜூலையில் விளையாட்டு நடுவர் நீதிமன்றம் அந்த விதியை இடைநிறுத்தியது. டூட்டி 2016 ரியோ ஒலிம்பிக்கில் ஓடினார். 2006இல் சாந்திக்கு இப்படி ஒரு சட்டத்தரணி இருக்கவில்லை.

சாந்தி புதுக்கோட்டையில் பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுத்தார். வறுமையில் 2012இல் மீண்டும் செங்கல் சூளைக்குக் கூலிக்குப் போனார். 2013இல் பெங்களூரில் பயிற்றுநர் பட்டயம் பெற்றார். 2016இல் தமிழக அரசு அவரை நிரந்தரப் பயிற்றுநராக நியமித்தது. பதக்கம் மட்டும் திரும்பவில்லை.

பெண்கள் பிரிவில் யார் ஓடலாம் என்பது சிக்கலான கேள்வி. உடன் ஓடும் மற்றப் பெண்களுக்கும் நியாயம் வேண்டும். 2025 செப்டெம்பர் முதல் உலகப் போட்டிகளில் பெண்கள் பிரிவில் ஓட ஒருமுறை மரபணுச் சோதனை கட்டாயமாகியிருக்கிறது. விதி எதுவானாலும், அதை ஒரு பெண்ணுக்கு முன்கூட்டிச் சொல்லி, அவள் பதிலைக் கேட்டு, அவள் மானத்தைக் காத்து நடத்த முடியும். உங்கள் மகள் ஓட்டத்தில் முன்னேறினால், படிவத்தில் கையொப்பமிடுமுன் மூன்று கேள்விகள் கேளுங்கள்: இது என்ன சோதனை? முடிவை யார் பார்ப்பார்கள்? மேன்முறையீடு எங்கே? சாந்திக்காக இவற்றைக் கேட்க அன்று ஒருவரும் இருக்கவில்லை.