தாத்தாவைத் தேடிய கருப்புத் திரை



இன்றைய பதிவு கொஞ்சம் நீளம். டீ போட்டு வைத்துக்கொண்டு நிதானமாகப் படியுங்கள்.

என்னிடம் ஆடலூரில் படித்த ஒரு பெண் போன மாதம் திருப்பூரிலிருந்து போன் செய்தாள். "டீச்சர், 2005-ல எங்க தாத்தாகிட்ட உட்கார்ந்து வாழைத் தோட்டத்துக் கதையெல்லாம் கேட்டு எழுதினீங்களே, அது இருக்கா? வருச திதி வருது. அவர் பேசினது எதுவுமே எங்ககிட்ட இல்லை" என்றாள்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்த நோட்டு ஒரு ஐப்பசி மழையில் கூரை ஒழுகி ஊறிப்போனது. ஆனால் அதற்கு முன்பே வத்தலக்குண்டில் ஒரு டி.டி.பி. கடையில் கொடுத்து டைப் செய்து, குறுந்தகட்டில் வாங்கி வைத்திருந்தேன். என் பழைய குறுந்தகடுகள் எல்லாவற்றையும் மடிக்கணினியில் ஏற்றியும் வைத்திருந்தேன். கேள்வித்தாள், ஆண்டுவிழா அழைப்பிதழ், சம்பளக் கணக்கு என்று ஆயிரக்கணக்கான கோப்புகள். நான் தேடும் கோப்பின் பெயர் மட்டும் நினைவில் இல்லை.

அந்த மடிக்கணினியும் ஒரு கதைதான். தமிழ்நாடு அரசு 2011 செப்டம்பரில் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் என் தம்பி மகளுக்குக் கிடைத்தது. அந்தக் காலத்து அரசு மடிக்கணினிகளில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் இருந்தது உங்களில் பலருக்கு நினைவிருக்கும். பாஸ் என்பது சென்னை சி-டாக் நிறுவனத்தார் டெபியன் லினக்ஸை அடிப்படையாக வைத்து உருவாக்கியது. பெரும்பாலான பிள்ளைகள் அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. அவள் வேலைக்குப் போனபின் கணினி என்னிடம் வந்தது. பழைய மாணவன் ஒருவன் அதில் புதிய டெபியனைப் போட்டுத் தந்து, கருப்புத் திரையில் கட்டளை தட்டவும் சொல்லிக் கொடுத்தான். இடைநிலை ஆசிரியர் பயிற்சி முடித்த எனக்கு அறுபது வயதுக்கு மேல் அவன் வாத்தியார்.

முதல் கட்டளை ஃபைண்ட். 1969-ல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் கென் தாம்சனும் டென்னிஸ் ரிட்சியும் யூனிக்ஸைத் தொடங்கினார்கள். சில ஆண்டுகளில் அதே ஆய்வுக்கூடத்தில் டிக் ஹைட் என்பவர் எழுதியது ஃபைண்ட். எந்த அடுக்கில் தேட வேண்டும், எப்படிப்பட்ட கோப்பு, எந்தத் தேதியில் மாற்றியது என்று சொன்னால் போதும். ஒவ்வொரு அடுக்காக, அடுக்குக்குள் அடுக்காக நுழைந்து பார்த்துவிட்டு வரும். நேரம் பிடிக்கும், ஆனால் ஒன்றையும் விடாது. உ.வே.சாமிநாதையர் ஏட்டுச் சுவடிகளைத் தேடி ஊர் ஊராக, வீடு வீடாகப் போனாரே, அதே முறைதான்.

அதற்குத் தம்பி ஒன்று உண்டு, லொகேட். 1983-ல் ஜேம்ஸ் உட்ஸ் என்பவர் விளக்கி எழுதிய முறையிலிருந்து வந்தது. முன்கூட்டியே எல்லாக் கோப்புப் பெயர்களையும் பட்டியல் எடுத்து வைத்துக்கொள்ளும். கேட்டால் பட்டியலைப் பார்த்து நொடியில் சொல்லிவிடும். இது நம் சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர்.ரங்கநாதன் வழி. 1924-ல் சென்னைப் பல்கலைக்கழக நூலகராகி, 1933-ல் கோலன் பகுப்பு முறையை வெளியிட்டவர். பட்டியல் சரியாக இருந்தால் அலமாரி அலமாரியாக அலைய வேண்டாம். ஆனால் பெயரே தெரியாத எனக்கு லொகேட் உதவாது. ஐயர் வழியில்தான் போக வேண்டியிருந்தது.

2005, 2006-ல் மாற்றிய எழுத்துக் கோப்புகள் என்று ஃபைண்டிடம் கேட்டேன். நாற்பத்தொன்று வந்தன. திறந்து பார்த்தால் பாதிக்கு மேல் ஆங்கில எழுத்துக் குப்பை. இவற்றைக் கெட்டுப்போன கோப்புகள் என்று நினைத்து ஒருமுறை அழிக்கப் போனவள்தான் நான்.

அடுத்தது கிரெப். கோப்பின் பெயரை விட்டுவிட்டு உள்ளே இருக்கும் எழுத்தைத் தேடுவது. இது பிறந்த கதை தமிழாசிரியர்களுக்குப் பிடிக்கும். அமெரிக்க அரசியல் சட்டத்தை ஆதரித்து 1787, 1788-ல் மூன்று பேர் ஒரே புனைபெயரில் 85 கட்டுரைகள் எழுதினார்கள். சிலவற்றை எழுதியது யார் என்பதில் வழக்கு இருந்தது. பெல் ஆய்வுக்கூடத்தின் லீ மக்மேன் அதை ஆராய, சொற்களைத் தேட வேண்டியிருந்தது. அப்போதிருந்த திருத்திக்கு அவ்வளவு பெரிய கோப்பைத் திறக்க முடியவில்லை. கென் தாம்சன் அந்தத் திருத்தியிலிருந்து தேடும் பகுதியை மட்டும் தனியே பிரித்துக் கொடுத்தார். 1973-ல் அது யூனிக்ஸில் சேர்ந்தது. எந்தப் பாட்டு யார் பாடியது என்று நம் புலவர்கள் சண்டை போடுவதைப் போன்ற ஒரு சண்டைக்காக வந்த கருவி அது.

நான் "வாழை" என்று தட்டினேன். பூஜ்யம். "குதிரை" என்றேன். அதுவும் பூஜ்யம்.

ஒரு இரவு முழுக்க மனசு சரியில்லை. காலையில்தான் உறைத்தது. அன்றைக்கு டி.டி.பி. கடைகளில் இருந்தது யூனிகோடு இல்லை. ஒவ்வொரு எழுத்துரு நிறுவனமும் தன் இஷ்டத்துக்கு ஒரு குறியீடு வைத்திருந்தது. யூனிகோடில் 1991-லேயே தமிழுக்கு இடம் கிடைத்தது. 1999-ல் சென்னைத் தமிழ்இணைய மாநாட்டை ஒட்டி டாம், டாப் குறியீடுகளும் தமிழ்99 விசைப்பலகையும் வந்தன. தமிழ்நாடு அரசு யூனிகோடைத் தரமாக ஏற்றது 2010-ல். அதுவரை தட்டியதெல்லாம் ஊருக்கு ஒரு நாணயம் மாதிரி. என் கடைக்காரர் வைத்திருந்தது பாமினி. அதில் "வாழை" என்று கண்ணுக்குத் தெரிவது, கணினிக்குள் டி, எச், ஐ, ஓ என்ற நான்கு ஆங்கில எழுத்துகள்! எழுத்துரு கழன்றுபோனால் மிஞ்சுவது குப்பைதான். கணினி மேல் தப்பில்லை. அதற்குத் தெரியாத சொல்லை நான் கேட்டிருக்கிறேன்.

கிரெப்பிடம் அந்த நான்கு எழுத்துகளைக் கொடுத்தேன். மூன்று கோப்புகள் வந்தன.

இனி அதைத் தமிழாக்க வேண்டும். இங்கேதான் மாடியூல் வருகிறது. ஒரு மொழியில் ஒருவர் எழுதிவைத்த வேலையை மற்றவர் அப்படியே எடுத்துப் பயன்படுத்தும் சிப்பம் அது. இப்போது பிளஸ் டூ கணினி அறிவியலில் உங்கள் பிள்ளைகள் படிக்கிறார்களே, அந்தப் பைத்தானில் ஓப்பன்-தமிழ் என்றொரு மாடியூல் இருக்கிறது. முத்து அண்ணாமலை முதலான தமிழ் ஆர்வலர்கள் காசு வாங்காமல் எழுதியது. பாமினி, டாப் போன்ற பழைய குறியீடுகளை யூனிகோடாக மாற்றும் பகுதியும் அதில் உண்டு.

இப்படிப்பட்ட சிப்பங்களை ஓரிடத்தில் சேர்க்கும் வழக்கத்துக்கும் வரலாறு உண்டு. டெபியன் தொடங்கியது 1993-ல். பெர்ல் மொழியின் மாடியூல் களஞ்சியமான சீபேன் 1995-ல் வந்தது. கேட்ட மென்பொருளோடு அதற்குத் தேவையான மற்றவற்றையும் தானே கூட்டிவரும் டெபியனின் ஆப்ட், 1999 பதிப்பில் சேர்ந்தது. மாப்பிள்ளையை அழைத்தால் பெட்டி தூக்குகிறவர்களும் கூடவே வருவதுபோல. பைத்தானின் களஞ்சியம் 2003. அதிலிருந்து எடுத்துவரும் பிப் 2008.

பிப் கட்டளையைத் தட்டினால் டெபியன் கண்டித்தது. கணினியின் சொந்தப் பைத்தானில் வெளிச் சரக்கைக் கலக்காதே, தனி அறை ஒன்று ஏற்படுத்தி அதில் வை என்றது. நியாயம்தான். விருந்தாளியை அடுப்படியில் படுக்க வைப்போமா? தனிச்சூழல் ஒன்று உருவாக்கி, அதற்குள் ஓப்பன்-தமிழை நிறுவினேன். பிள்ளைகளே, பெயரை எழுத்துக்கூட்டிச் சரிபார்த்துவிட்டு நிறுவுங்கள். ஒரெழுத்து மாற்றிப் பெயர் வைத்துக் கள்ளச் சரக்கு விற்பவர்கள் அங்கேயும் உண்டு.

மாலை ஐந்தரை மணிக்குத் தாத்தா பேசத் தொடங்கினார். விருப்பாச்சி வாழைத்தாரை மட்டக்குதிரையில் ஏற்றிக் கீழே இறக்கியது. 1970-களில் முடிக்கொத்து நோய் மலை முழுக்கப் பரவியது. அந்த வாழைக்கு 2008-ல் புவிசார் குறியீடு கிடைத்ததைப் பார்க்க அவர் இருந்தார். ஆனால் 2005-ல் அவர் சொல்லியிருந்தது வேறு: "வாழை செத்த வருசம் குதிரையும் சும்மாவே நின்னுச்சும்மா. எனக்கு அதைப் பார்க்கத்தான் ரொம்பக் கஷ்டமா இருந்துச்சு."

போனில் வாசித்துக் காட்டினேன். அந்தப் பக்கம் ரொம்ப நேரம் சத்தமே இல்லை. பிறகு, "அந்த 'நின்னுச்சும்மா'வை இன்னொரு தடவை படிங்க டீச்சர்" என்றாள்.

திதிக்கு அச்செடுத்து அனுப்பிவிட்டேன்.

உங்களிடம் இரண்டு வேண்டுகோள். கோப்புக்குப் பெயர் வைக்கும்போது "நியூ 1", "ஃபைனல் 2" என்று வைக்காதீர்கள். ஊர், ஆள், தேதி போடுங்கள். அடுத்து, பழைய கோப்பைத் திறந்தால் குப்பை மாதிரித் தெரிகிறது என்று அழித்துவிடாதீர்கள். எனக்கு அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன். என்னிடமே இன்னும் முப்பத்தெட்டு பாக்கி இருக்கின்றன. உங்கள் வீட்டுப் பெரியவர்கள் யாராவது அதற்குள் இருக்கலாம்.

எல்லோரும் நலமாக இருங்கள்.
உங்கள் டீச்சர், ஆடலூர்.