புரவலரும் ஆதரவாளரும்: கிள்ளான் பள்ளத்தாக்குக் காற்பந்துக் கழகங்கள் – ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

மலேசியத் தமிழரின் சமூக வரலாற்றை எழுத முற்பட்டோர் தோட்டம், ஆலயம், தமிழ்ப்பள்ளி, தொழிற்சங்கம் ஆகியவற்றை விரிவாக ஆராய்ந்துள்ளனர். இவை நான்கிற்கும் அருகிலேயே இருந்த விளையாட்டுத் திடல் அந்த அளவிற்குக் கவனம் பெறவில்லை. மாலை வேளைகளில் ஒரு சமூகம் ஒன்றுகூடிய இடம் என்ற வகையில் திடலும் ஆய்வுக்குரியதே.

2019ஆம் ஆண்டில் மலேசிய சூப்பர் லீக்கில் புதிய கழகம் ஒன்று இடம்பெற்றது. இந்தியச் சமூகத்தின் விளையாட்டு அமைப்பிலிருந்து வளர்ந்த கழகம் அது. பெரிய வணிகக் குழுமம் ஒன்று அதன் புரவலராக நின்றது. எனினும், நான்கு பருவங்களே விளையாடி, 2022ஆம் ஆண்டு முடிவில் அது லீக்கிலிருந்து விலகியது. பொருள் வளம் இருந்தும் அக்கழகம் நிலைக்காமற் போனது ஏன் என்னும் வினாவை முன்வைத்து, புதிய கழகங்களில் புரவலர்க்கும் ஆதரவாளர்க்கும் உள்ள தொடர்பை இக்கட்டுரை ஆராய முற்படுகிறது.

செந்தூல்: பட்டறையும் திடலும்

செந்தூலின் வரலாறு இரயில்வேயின் வரலாற்றோடு பின்னிப்பிணைந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கூட்டு மலாய் மாநிலங்களின் இரயில்வே தன் மையப் பட்டறையை இங்கு அமைத்தது. தமிழகத்திலிருந்தும் இலங்கையிலிருந்தும் வந்த தமிழர் பட்டறையிலும் அலுவலகங்களிலும் பெருமளவில் பணிபுரிந்தனர். தொழிலாளர் குடியிருப்பு, ஆலயம், பள்ளி ஆகியவற்றோடு இரயில்வே மன்றமும் விளையாட்டுத் திடலும் அவ்வட்டாரத்தின் உறுப்புகளாயின. கோலாலம்பூரில் இலங்கைத் தமிழர் நிறுவிய தமிழர் உடற்பயிற்சிக் கழகமும் (டி.பி.சி.ஏ.) இத்தகைய சூழலில் வளர்ந்ததே.

இக்காலக் காற்பந்து ‘புரவலர்’ என்றும் ‘ஆதரவாளர்’ என்றும் பிரித்துக் காணும் இரு தரப்பினரும் அன்று ஒரே இடத்தில் இருந்தனர். நிலத்தையும் மன்றக் கட்டடத்தையும் முதலாளியான இரயில்வே அளித்தது. களத்தில் ஆடியவரும் கரையில் நின்று கூவியவரும் அதே பட்டறையில் பணியாற்றியவர்கள். தோற்றாலும் வென்றாலும் மறுநாட் காலையில் அவர்கள் ஒரே சங்கொலிக்கு வேலைக்குச் சென்றனர். எனவே ஆதரவைத் தேடித் திரட்ட வேண்டிய தேவை எழவில்லை.

இவ்வமைப்பு செந்தூலுக்கு மட்டும் உரியதன்று. 1878இல் இங்கிலாந்தில் லங்காஷயர் – யார்க்ஷயர் இரயில்வேயின் பெட்டிப் பட்டறைத் தொழிலாளர் நியூட்டன் ஹீத் என்னும் பெயரில் ஓர் அணியை அமைத்தனர். 1902இல் அது கடனில் மூழ்கிய வேளையில் மதுவடிப்பாலை உரிமையாளரான ஜே.எச். டேவிஸ் முதலிட்டுக் காப்பாற்றினார். அப்போது அதற்கு இடப்பட்ட பெயரே மான்செஸ்டர் யுனைடெட். ஜெர்மனியின் பேயர் லெவர்குசன், பேயர் மருந்து நிறுவனத் தொழிலாளரால் 1904இல் தொடங்கப்பெற்றது. தொழிலிடத்தில் பிறந்த கழகம் நிறுவனத்தின் பணத்தை ஏற்பதாலோ பெயரை மாற்றுவதாலோ அழிந்துவிடுவதில்லை என்பதற்கு இவை சான்றுகள். பணமும் பெயரும் வருமுன்பே அவற்றிற்கு மக்கள் இருந்தனர்.

மாநிலச் சட்டையும் புகையிலைப் பணமும்

மலாயாக் காற்பந்து மாநில அடிப்படையில் வளர்ந்தது. எச்.எம்.எஸ். மலாயா என்னும் போர்க்கப்பலின் மாலுமிகள் வழங்கிய கிண்ணத்திற்காக 1921இல் தொடங்கிய போட்டியே 1967இல் மலேசியக் கிண்ணம் எனப் பெயர் பெற்றது. இரசிகரின் பற்று மாநிலத்தின் மீதே நிலைகொண்டது. இந்திய வம்சாவளி ஆட்டக்காரரும் மாநிலச் சட்டையிலேயே புகழ் பெற்றனர். 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் மலேசிய அணிக்குத் தலைமையேற்ற எம். சந்திரன், ‘ஸ்பைடர்மேன்’ என அழைக்கப்பெற்ற சிலாங்கூர்க் கோல்காவலர் ஆர். ஆறுமுகம், தற்காப்பு ஆட்டக்காரர் சந்தோக் சிங் ஆகியோரை எல்லா இனத்தவரும் தம்மவராகவே கொண்டாடினர். 2010இல் பயிற்றுநர் கே. ராஜகோபால் மலேசியாவிற்குத் தென்கிழக்காசியக் கிண்ணத்தைப் பெற்றுத் தந்தபோதும் அந்நிலையே காணப்பட்டது.

1989இல் அரைத்தொழில்முறை லீக் தொடங்கியதும் வணிகப் புரவலரின் காலம் பிறந்தது. டன்ஹில் என்னும் சிகரெட் வணிகப்பெயர் 2004ஆம் ஆண்டு வரை லீக்கின் முகப்பில் நின்றது. புகையிலை விளம்பரத்திற்கு எதிரான கட்டுப்பாடுகள் வலுப்பெறவே அவ்விடத்திற்குத் தொலைத்தொடர்பு நிறுவனமான டி.எம். வந்தது. இப்புரவலர்கள் போட்டிக்குப் பணம் அளித்தனர், கழகத்தை உடைமையாக்கிக்கொள்ளவில்லை. புரவலர் மாறியபோது விளம்பரப் பலகைகள் மாறின. சிலாங்கூர் சிலாங்கூராகவே இருந்தது.

ஓர் அரங்கம், மூன்று கழகங்கள்

2000களில் நிலைமை மாறியது. நிறுவனங்களும் நகராட்சி மன்றங்களும் தத்தம் பெயரிலேயே கழகங்களை நடத்த முன்வந்தன. கெலானா ஜெயாவிலுள்ள பெட்டாலிங் ஜெயா விளையாட்டரங்கம் இம்மாற்றத்தை விளங்கிக்கொள்ள உதவுகிறது.

அங்கு முதலில் எழுந்தது எம்.பி.பி.ஜே. கழகம். 2003ஆம் ஆண்டு மலேசியக் கிண்ண இறுதியாட்டத்தில் சபாவை 3–0 என்னும் கோல் கணக்கில் வென்று, அக்கிண்ணத்தைக் கைப்பற்றிய முதல் மாநிலம் சாரா அணி என்னும் பெருமையை அது பெற்றது. மூன்று கோல்களையும் அர்ஜெந்தினா ஆட்டக்காரர் ஹுவான் மனுவல் அரோஸ்தெகி அடித்தார். மூன்றே ஆண்டுகளில், 2006இல், அக்கழகம் லீக்கிலிருந்து விலகியது. பப்ளிக் வங்கியின் பெயர் தாங்கிய கழகமும் அதே ஆண்டில் விலகிற்று.

இரண்டாவது, இக்கட்டுரையின் மையமான பெட்டாலிங் ஜெயா சிட்டி. மூன்றாவது சிலாங்கூர். ஷா ஆலாம் அரங்கம் பயன்பாட்டிலிருந்து நீங்கிய பின்னர் சிலாங்கூர் அணி இங்குத் தன் ஆட்டங்களை நடத்தியது. அதன் ஆதரவாளர் குழுவான ‘அல்ட்ராசெல்’ முரசும் கொடியும் ஏந்தி அதே இருக்கைகளை நிரப்பியது. அரங்கமும் நகரமும் பேருந்து வழியும் மூன்று கழகங்களுக்கும் பொதுவானவை. ஆகவே, கூட்டமின்மைக்கு இடத்தைக் காரணங்காட்ட இயலாது. சிலாங்கூரின் பின்னால் 33 மலேசியக் கிண்ண வெற்றிகளும், தந்தை மகனுக்குக் கைமாற்றித் தந்த நினைவும் இருந்தன.

மிஃபா: ஒரு பெயரின் பயணம்

தோட்டங்கள் துண்டாடப்பட்டு மக்கள் நகர்ப்புறங்களுக்குப் பெயர்ந்தபோது தோட்டத் திடல்களும் மறைந்தன. தேசிய அணியில் இந்திய ஆட்டக்காரரின் எண்ணிக்கை குறைந்துவருவது குறித்த கவலை சமூகத்தில் எழுந்தது. இப்பின்னணியில் மலேசிய இந்தியர் காற்பந்துச் சங்கம் (மிஃபா) மலேசிய இந்தியர் விளையாட்டு மன்றத்தோடு இணைந்து களமிறக்கிய அணி, 2016இல் எஃப்.ஏ.எம். லீக்கில் ஆடி, 2017இல் பிரிமியர் லீக்கில் நுழைந்தது. 2018ஆம் ஆண்டுப் பருவத்தின் முடிவில் சூப்பர் லீக்கிற்கு உயர்வு பெற்றது. இளைஞர்க்கு வாய்ப்பளிக்கத் தோன்றிய சமூக அணி, மூன்றே ஆண்டுகளில் நாட்டின் உச்ச நிலையை எட்டியது அரிய சாதனையே.

உயர்வோடு மாற்றமும் வந்தது. விஜய் ஈஸ்வரன் நிறுவனர்களுள் ஒருவராகிய கியூ.ஐ. குழுமத்தின் ஆதரவில், கழகம் ‘பெட்டாலிங் ஜெயா சிட்டி’ என்னும் பெயரை ஏற்றது. இம்முடிவில் நியாயம் இல்லாமலில்லை. ஓர் இனத்தின் பெயரைவிட ஒரு நகரத்தின் பெயர் பல இனத்தாரையும் ஈர்க்கும் என்னும் எதிர்பார்ப்பு இயல்பானது. பயிற்றுநர் பி. மணியத்தின் கீழ், 2021ஆம் ஆண்டில் அயல்நாட்டு ஆட்டக்காரர் எவருமின்றி, மலேசியரை மட்டுமே கொண்டு அக்கழகம் சூப்பர் லீக்கில் ஆடியதும் பாராட்டிற்குரியது.

ஆயினும், பெயர் மாறியபோது பழைய ஆதரவாளரைப் பிணைத்த கயிறு தளர்ந்தது. புதிய ஆதரவாளரைப் பிணைக்கும் கயிறு இன்னும் முறுக்கப்படவில்லை. செந்தூலிலோ பிரிக்பீல்ட்ஸிலோ கிள்ளானிலோ வாழும் இந்தியர்க்கு ‘மிஃபா’ என்பது தம் சமூகத்தின் பெயர். ‘பெட்டாலிங் ஜெயா’ அண்டை நகரின் பெயர். பெட்டாலிங் ஜெயாவினர்க்கோ ஏற்கெனவே சிலாங்கூர் இருந்தது. மேலும், அக்கழகத்தின் நான்கு பருவங்களுள் இரண்டு பெருந்தொற்றினால் சிதைந்தன. 2020இல் லீக் சுருக்கப்பட்டது. பல ஆட்டங்கள் பார்வையாளரின்றி நடைபெற்றன. எனவே ஆதரவாளரைத் திரட்டும் காலம் அக்கழகத்திற்கு முழுமையாக வாய்க்கவில்லை என்பதையும் நடுநிலையோடு குறிப்பிட வேண்டும்.

புதிய கழகமும் வேரூன்றும்

நிறுவனம் தோற்றுவித்த கழகத்திற்கு ஆதரவாளர் வரவேமாட்டார் என முடிவு கட்டுவது பிழையாகும். 2014இல் இந்திய சூப்பர் லீக்கிற்காகவே உருவாக்கப்பெற்ற சென்னையின் எஃப்.சி. இதற்குத் தக்க எடுத்துக்காட்டு. அதற்குச் ‘சூப்பர் மச்சான்ஸ்’, ‘பி ஸ்டாண்ட் புளூஸ்’ ஆகிய ஆதரவாளர் குழுக்கள் தோன்றின. இரண்டாவது குழு அரங்கின் ஒரு பகுதியையே தன் பெயராக்கிக்கொண்டது. சென்னைப் பேச்சுமொழியும் அரங்கின் இருக்கைகளும் ஒரு வணிகப் படைப்பை ஊராரின் உடைமையாக மாற்றின.

நம் நாட்டில் கோலாலம்பூர் சிட்டியை இவ்வகையில் கருதலாம். 1987, 1988, 1989 ஆகிய மூன்றாண்டுகளும் மலேசியக் கிண்ணத்தை வென்ற தலைநகர் அணி, தனியார்மயமாக்கலுக்குப் பின் புதிய நிறுவன வடிவம் பெற்றது. 2021 இறுதியாட்டத்தில் ஜொகூர் டாருல் தாசிமை 2–0 என வென்று, 32 ஆண்டுகளுக்குப் பின் கிண்ணத்தை மீட்டது. ஜே. பார்த்திபன், கென்னி பால்ராஜ் ஆகியோர் அவ்வணியில் இடம்பெற்றிருந்தனர். ‘சிட்டி பாய்ஸ்’ என்னும் ஆதரவாளர் குழுவிற்கு அவ்வெற்றி பழைய நினைவின் தொடர்ச்சியாகவே அமைந்தது.

எனினும், ஆர்வத்தால் மட்டும் கழகத்தைக் காக்க இயலாது. எக்ஸ்.ஓ.எக்ஸ். நிறுவனத்தின் பொறுப்பிலிருந்த பேராக் கழகம் 2024–25 பருவத்திற்குப் பின் லீக்கிலிருந்து விலகியது. பேராக்கிற்கு நீண்ட மரபும் திரளான இரசிகரும் உண்டு; ஆனால் முடிவெடுக்கும் மேசையில் அவர்களுக்கு இருக்கை இல்லை. ஜெர்மனியில் 1998இல் கழகங்கள் நிறுவன வடிவம் பெற இசைவு அளிக்கப்பட்டபோது, வாக்குரிமையில் பெரும்பான்மை உறுப்பினரிடமே இருத்தல் வேண்டுமென விதிக்கப்பட்டது. இங்கிலாந்தில் விம்பிள்டன் கழகத்தை வேறு நகருக்குக் கொண்டுசெல்ல 2002இல் அனுமதி கிடைத்தபோது, அதன் ஆதரவாளர் தாமே ஏ.எஃப்.சி. விம்பிள்டனைத் தொடங்கினர். அது கீழ்நிலைப் போட்டிகளிலிருந்து படிப்படியாக உயர்ந்து 2011இல் தொழில்முறை லீக்கை அடைந்தது.

முடிவுரை

மேற்கண்டவற்றால் ஓர் உண்மை புலனாகிறது. புரவலரின் பணம் அணியை உயர்த்தும். அப்பணம் நீங்கும் நாளில் கழகத்தைத் தாங்குபவர் ஆதரவாளரே. அவர்கள் தாங்க வேண்டுமாயின், நுழைவுச்சீட்டு வாங்குவோராக மட்டுமன்றிச் சந்தா செலுத்தி வாக்களிக்கும் உறுப்பினராகவும் இருத்தல் வேண்டும். மிஃபா சூப்பர் லீக்கை எட்டியபோது இந்தியச் சமூகம் மகிழ்ந்தது. ஆனால் அதன் பெயரையோ எதிர்காலத்தையோ முடிவு செய்யும் உரிமை அச்சமூகத்தின் எளிய இரசிகர்க்கு இருக்கவில்லை. பெயர் மாற்றத்தைவிட இவ்வுரிமையின்மையே பெரிய இழப்பு எனலாம்.

செந்தூலில் பழைய இரயில்வே கட்டடம் ஒன்று 2005இல் நிகழ்கலை மையமாகத் திறக்கப்பெற்றது. அருகில் பூங்காவும் உயர்ந்த குடியிருப்புகளும் எழுந்துள்ளன. கட்டடம் காக்கப்பட்டது போல் திடலின் வரலாறு காக்கப்படவில்லை. 1924 முதல் 2019 வரை வெளிவந்த ‘தமிழ் நேசன்’ போன்ற நாளிதழ்களின் விளையாட்டுப் பக்கங்கள், மன்றங்களின் கூட்டக் குறிப்புகள், குடும்பங்களிலுள்ள அணிப் புகைப்படங்கள் ஆகியவை தொகுக்கப்பெற வேண்டும். தமிழாசிரியர்கள் தம் மாணவரைக் கொண்டு முதியோரின் நினைவுகளைப் பதிவு செய்யலாம். நாளை மற்றொரு கழகம் தோன்றுமாயின், புரவலரைத் தேடுமுன் அது அறிந்துகொள்ள வேண்டிய பாடங்கள் அந்நினைவுகளில் உள்ளன.