பொறியாளர் (பட்டப்பெயர்)

அறிவியலையும் கணிதத்தையும் கொண்டு பாலம், இயந்திரம், மின்கட்டமைப்பு போன்றவற்றை வடிவமைத்து, அவற்றின் பாதுகாப்புக்குப் பொறுப்பேற்பவர் பொறியாளர். யாரை இப்படி அழைக்கலாம் என்பதில்தான் நாட்டுக்கு நாடு வழக்கு வேறுபடுகிறது.

கனடாவில் சட்டம் கறாரானது. கல்லூரிப் பட்டம் மட்டும் போதாது. பணி அனுபவம் பெற்று, மாகாண அமைப்பின் உரிமமும் வாங்கியவரே இப்பெயரில் தொழில் செய்யலாம். இந்தப் பொறுப்பின் கனத்தை அந்நாடு பெரும் விலை கொடுத்தே உணர்ந்தது. 1907 ஆகஸ்ட் 29 அன்று, கட்டுமானத்தில் இருந்த கியூபெக் பாலம் சரிந்து 75 தொழிலாளர்கள் மாண்டனர். பாலத்தின் சொந்த எடையைக் குறைத்துக் கணக்கிட்டிருந்தார்கள். எஃகு உறுப்புகள் வளைவது முன்பே கண்ணில் பட்டும் வேலை நிற்கவில்லை. பாலத்தை மீண்டும் கட்டுகையில், 1916இல் நடுப்பகுதியைத் தூக்கும்போது மேலும் 13 பேர் இறந்தனர். 1925 முதல் அங்கே பொறியியல் முடிப்போர் உறுதிமொழி ஏற்று, சுண்டுவிரலில் இரும்பு மோதிரம் அணிகிறார்கள். இடிந்த பாலத்தின் இரும்பில் செய்த மோதிரம் என்பது வெறும் கதை.

பிரிட்டனில் யாரும் தம்மைப் பொறியாளர் எனலாம். ‘சார்ட்டர்டு இன்ஜினியர்’ போன்ற பதிவுப் பட்டங்களுக்கு மட்டுமே காப்பு.

இந்தியாவில் 1972ஆம் ஆண்டுச் சட்டம் ‘ஆர்க்கிடெக்ட்’ என்ற பெயரைக் காக்கிறது. பொறியாளருக்கு அப்படி நாடு தழுவிய சட்டம் இல்லாதது பெருங்குறையே. எனவே வீடு கட்டுவோர், வரைபடத்தில் கையெழுத்திடுபவர் உள்ளாட்சியில் பதிவு பெற்றவரா என்று முதலில் கேட்டுக்கொள்ள வேண்டும்.