பழைய படகும் புதிய பொறியும்

நாம் பங்குப் பணியாற்றும் புதுவயல் கடல் காணாத ஊர். அரிசி ஆலைகளின் புகைபோக்கிகளும், நெல் காயும் களங்களும், மழை பெய்தால் நிறையும் கண்மாய்களுமே இவ்வூரின் அடையாளம். கிழக்கே பேருந்தில் சென்றால்தான் தொண்டியும் மீமிசலும் வரும். அப்படிப்பட்ட ஊரில் இருந்துகொண்டு படகைப் பற்றி எழுதுவானேன் என்று வாசகர்கள் வியக்கக்கூடும். காரணம் ஒரு பழைய இரும்புக் கடை.

சில ஆண்டுகளுக்கு முன், எங்கோ ஏலம் எடுத்த தட்டுமுட்டுச் சாமான்களோடு ஓர் அலுமினியப் படகும் அக்கடையின் பின்புறம் வந்து சேர்ந்தது. பதினான்கு அடி நீளம் இருக்கும். தகடுகளை ஆணியறைந்து இணைத்த பழைய வேலைப்பாடு. கடைக்காரர் கண்ணுக்கு அது கிலோ கணக்கில் உருக்குக்குப் போகவேண்டிய உலோகம். ஆனால் தொண்டிப் பக்கத்திலிருந்து ஆலை வேலைக்கு வந்து, நம் பங்கிலேயே பெண்ணெடுத்துத் தங்கிவிட்ட இளைஞர் ஒருவருக்கு அது படகாகவே தெரிந்தது. எடைக்கு விலைபேசி வாங்கி, ஆலையின் மதிலோரம் கவிழ்த்து வைத்தார். படகு கட்டுவதில் முதிர்ந்த ஓடாவியான அவருடைய தாய்மாமன் வந்து பார்த்தார். விரல் மடக்கி, பானை வாங்குபவர் தட்டிப் பார்ப்பதுபோல, அணியம் முதல் பின்புறம் வரை தட்டிக்கொண்டே போனார். பின்புறப் பலகைத் தகட்டருகே நின்றார். அங்கே வெண்பொடி பூத்திருந்தது. முன்பு வைத்திருந்தவர் யாரோ எஞ்சின் மாட்டுவதற்குப் பித்தளைத் திருகாணிகளை முடுக்கியிருந்தார். அந்த ஆணிகளைச் சுற்றித் தகடு கரைந்து, சுண்டுவிரல் நுழையுமளவு குழிவிழுந்திருந்தது.

உப்பு நீரில் அலுமினியமும் செம்பும் தொட்டுக்கொண்டால் இரண்டும் சேர்ந்து ஒரு மின்கலமாகிவிடும். அதில் கரைவது எப்போதும் அலுமினியமே. நம் ஓடாவி இதை இயற்பியல் நூலில் படித்தவரல்லர். “ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு ஆகாது சாமி, நடுவிலே ரப்பர் வச்சுத்தான் முடுக்கணும்” என்றார். பிறகு நம் இளைஞரைப் பார்த்து அவர் கேட்ட கேள்விதான் இக்கட்டுரைக்கு வித்து: “எஞ்சின் மாட்டுறேங்கிறியே, இந்த உடம்பு தாங்குமா?”

இந்தக் கேள்வி நம் கடற்கரைகளில் எழுபது ஆண்டுகளாக ஒலித்துவரும் கேள்வி. இதற்கு அவசரப்பட்டு விடை சொன்னவர்களும் உண்டு. பொறுமையாகத் தேடியவர்களும் உண்டு.

தமிழகத்தின் பழைய கலங்களைப் பற்றி முறையாக எழுதி வைத்தவர்களில் ஜேம்ஸ் ஹார்னெல் முதன்மையானவர். சென்னை மாகாண மீன்வளத்துறையின் இயக்குநராகப் பணியாற்றிய இந்த ஆங்கிலேயர், இந்தியப் படகு வடிவங்களின் தோற்றம் பற்றிய தம் ஆய்வை 1920-இல் வெளியிட்டார். நமக்கு அண்மையிலுள்ள பாக் நீரிணைக் கரையின் ‘வத்தை’ என்னும் கலம் அவரை ஈர்த்தது. பாய்மரங்கள் தாங்கிய அந்தக் குறுகிய படகின் குறுக்கே நீண்ட பலகையொன்று கிடக்கும். காற்று ஒருபுறம் சாய்த்தால், ஆட்கள் மறுபுறம் பலகையின் நுனிக்கு நகர்ந்து தம் உடல் எடையால் படகை நிமிர்த்துவர். மனித உடலே அங்கே படகின் ஓர் உறுப்பு.

தையல் படகுகளின் கதை இன்னும் நுட்பமானது. சென்னையில் துறைமுகம் அமையும்வரை கப்பலுக்கும் கரைக்குமிடையே ஆட்களையும் சரக்கையும் ஏற்றிச் சென்றது மசூலாப் படகு. அதில் ஓர் ஆணி கிடையாது. பலகைகளைத் துளையிட்டு, தென்னங்கயிற்றால் தைத்து, பொருத்துவாய்களில் நார் அடைத்திருப்பார்கள். பேரலை வந்து மோதும்போது ஆணியறைந்த இறுகிய படகு பிளந்துவிடும். தைத்த படகோ நெளிந்து கொடுத்து, மணலில் தட்டி, மீண்டும் நிமிரும். மேற்குக் கரையின் வள்ளங்கள் பலவும் இவ்வாறு தைக்கப்பட்டவையே. வளைந்து கொடுப்பதுதான் அவற்றின் வலிமை.

அந்த வலிமையே ஒரு நாள் குறையாக எண்ணப்பட்டது. 1952 அக்டோபர் 17 அன்று இந்தியா, நார்வே, ஐக்கிய நாடுகள் அவை ஆகியவற்றுக்கிடையே ஓர் ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. அதன்படி 1953-இல் கொல்லத்தை அடுத்த நீண்டகரை, சக்திகுளங்கரைப் பகுதியில் இந்தோ-நார்வே மீன்பிடித் திட்டம் தொடங்கியது. இலத்தீன் வழிபாட்டுமுறைக் கத்தோலிக்க மீனவர் நிறைந்த ஊர்கள் அவை. மருத்துவமனையும் குடிநீரும் திட்டத்தோடு வந்தன, அந்நன்மைகளை மறுப்பதற்கில்லை. மீன்பிடிப்பில் நார்வே வல்லுநர்கள் முதலில் செய்ய முயன்றது உள்ளூர் வள்ளங்களிலேயே எஞ்சின் பொருத்துவதுதான். நல்லெண்ணத்தோடு செய்த முயற்சியே. ஆனால் அது பலிக்கவில்லை. அலையின் தள்ளுக்கு நெளிந்துகொடுக்கும் தையல், எஞ்சினின் இடைவிடாத அதிர்வுக்குப் பழகியதன்று. பின்புறம் துளையிட்டுத் தண்டு செலுத்தினால், வளையும் உடம்பில் வளையாத தண்டு எவ்வாறு நேராக நிற்கும்? பழைய வள்ளத்தை ஒதுக்கிவிட்டு 22 அடி, 25 அடி நீளமுள்ள புதிய விசைப்படகுகளை வடிவமைத்தனர்.

பழைய துணியில் சலவை செய்யாத புதுத்துணியை ஒட்டுப்போடுவது பற்றி ஆண்டவர் கூறிய உவமை இங்கே நம் நினைவுக்கு வருகிறது. குருமடத்தில் அவ்வுவமையைப் படித்தபோது புதியதன் மேன்மையைப் பற்றியே நாம் குறிப்பெடுத்தோம். அந்த ஓடாவியின் அருகே நின்றபோதுதான், பழைய துணி கிழிந்துவிடக் கூடாதே என்னும் கவலையும் அவ்வுவமைக்குள் இருப்பது நமக்குப் புலப்பட்டது.

புதிய படகு வந்தபின் நடந்தவை பலரும் அறிந்தவையே. குளிரூட்டிய இறாலுக்கு அயல்நாட்டில் விலை கிடைத்தது. 1960-களில் விசைப்படகுகள் இழுவலைக்கு மாறின. தமிழகத்திலும் அதே கதைதான். வசதியுள்ளவர்கள் விசைப்படகுக்கு முன்னேற, கட்டுமரக்காரனும் வள்ளக்காரனும் கரையோரக் கடலில் அவர்களோடு மோத வேண்டியதாயிற்று. வலைகள் அறுபட்டன; உயிர்களும் போயின. 1983-ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம், கரையிலிருந்து 3 கடல் மைல் வரை நாட்டுப்படகுகளுக்கென ஒதுக்கியது. கேரளத்தில் பெரும் போராட்டங்களுக்குப் பின் 1988-இல் மழைக்கால இழுவலைத் தடை முதன்முறையாக வந்தது. கடலில் அந்த 3 மைல் கோட்டை யார் பார்த்தார்கள் என்பது வேறு கதை.

ஆனால் பழைய படகுக்கும் பொறிக்கும் உள்ள உறவு நீண்டகரையோடு முடிந்துவிடவில்லை. 1980-களின் தொடக்கத்தில் மண்ணெண்ணெயில் ஓடும் ஜப்பானிய அவுட்போர்டு எஞ்சின்கள் கேரளம், கன்னியாகுமரிக் கரைகளில் பரவின. உடம்பைத் துளைக்காமல் பின்பலகையில் தொங்கும் எஞ்சின் அது. ஆழமில்லாத இடத்தில் தூக்கிக்கொள்ளலாம், கரைக்கு வந்ததும் கழற்றித் தோளில் சுமந்து வீட்டுக்குக் கொண்டுபோகலாம். கட்டுமரத்தில்கூட அதை மாட்டினார்கள். ஐம்பதுகளில் முடியாதது எண்பதுகளில் எளிதாயிற்று என்றால், படகு மாறியதால் அன்று. பொறி மாறி வந்ததால். செலவும் கூடவே வந்தது என்பதையும் சொல்லியாக வேண்டும். முன்பு காற்றும் கைவலிமையும் மட்டுமே மூலதனமாயிருந்தவன், மண்ணெண்ணெய் வியாபாரிக்கும் உதிரிப்பாகக் கடைக்கும் கடன்பட்டான்.

இக்காலத்திலேதான் கோட்டாறு மறைமாவட்டத்தின் முட்டம் என்னும் ஊர் நம் கவனத்துக்கு வருகிறது. கட்டுமரத்துக்கேற்ற இலேசான மரம் கிடைப்பது அரிதாகி, விலை ஏறிக்கொண்டிருந்தது. தீக்குச்சிக்கும் பெட்டிப் பலகைக்கும் அதே மரங்கள் தேவைப்பட்டன. கட்டுமரத்துக்கு இன்னொரு தொல்லையும் உண்டு: கட்டைகள் நீரை உறிஞ்சிக் கனத்துவிடும், கரையேறியதும் கயிற்றை அவிழ்த்து வெயிலில் உலர்த்தவேண்டும். மரத்துக்கு மாற்றாக ஒட்டுப்பலகையைக் கொண்டு, அலைக்குத் தாங்கும், மூழ்காத சிறு கலம் செய்ய முடியுமா என்று முட்டத்துப் படகுக் கூடத்தில் பெல்ஜியம் நாட்டவரான பியர் ஜில்லே சோதனை மேல் சோதனையாகச் செய்தார். தம் அனுபவத்தை 1985-இல் ஆங்கில நூலாக வெளியிட்டபோது, ‘சிறியது கடினம்’ எனும் பொருள்பட அதற்குத் தலைப்பிட்டார். சிறியதே அழகு என்று உலகெங்கும் பேசிக்கொண்டிருந்த காலம் அது. கையைச் சுட்டுக்கொண்டவரே இப்படித் தலைப்பு வைக்க முடியும். வரைபடத்தில் நன்றாயிருந்த வடிவத்தை மீனவர் கடலுக்குக் கொண்டுபோய்ப் பார்த்துவிட்டு, உட்கார இடமில்லை, வலை இழுக்க வாகாக இல்லை என்று திருப்பிக் கொண்டுவந்தால், மறுபடியும் முதலிலிருந்து தொடங்கவேண்டியதுதான்.

எட்வின் கிஃபோர்டு என்னும் ஆங்கிலேயப் பொறியாளர் கொண்டுவந்த முறை நமக்கு மிகவும் பிடித்தமானது. ஒட்டுப்பலகைகளை அளவாக வெட்டி, ஓரங்களில் துளையிட்டு, ஒன்றோடொன்று தைத்து, அந்தப் பொருத்துவாயின்மேல் கண்ணாடியிழையும் பிசினும் பூசி இறுகச் செய்வது. நீண்டகரையில் எஞ்சினுக்கு ஆகாது என்று ஒதுக்கப்பட்ட அதே தையல், இருபத்தைந்து முப்பது ஆண்டுகள் கழித்து வேறு உருவில் திரும்பி வந்தது! 1980-இல் அமைந்த தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பு தன் படகுக் கூடங்களில் இத்தகைய வள்ளங்களை ஆயிரக்கணக்கில் கட்டியது. ஊர்தோறும் இருந்த மீனவர் சங்கங்களே அதன் உறுப்பினர்கள் என்பதால், குறை சொல்பவன் குரலும் கூடத்துக்குள் கேட்டது.

இவ்வளவிலும் அலுமினியம் எங்கே போயிற்று? கொச்சியிலுள்ள மத்திய மீன்பிடித் தொழில்நுட்ப நிறுவனம் மரப்படகின் அடியைக் கப்பற்புழு துளைக்காதிருக்க, விலைமிகுந்த செம்புத் தகட்டுக்குப் பதிலாக மக்னீசியம் கலந்த அலுமினியத் தகட்டை வேயலாம் என்று ஆய்ந்து காட்டியது. மரத்துக்குச் சட்டையாக அலுமினியம் பயன்பட்டது. ஆனால் படகின் உடம்பாக அது நம் கரைகளில் நிலைகொள்ளவில்லை. காரணம் எளியது. அலுமினியத்தைப் பற்றவைக்க ஆர்கான் வாயுவும் தேர்ந்த கையும் வேண்டும். மரமானால் ஓடாவி உளியோடு வருவார். கண்ணாடியிழையானால் பையன்களே பிசின் குழைத்துப் பூசிவிடுவார்கள். எந்தப் படகைக் கடற்கரை மணலிலேயே செப்பனிட முடியுமோ, அந்தப் படகே ஏழையின் படகு.

செப்பனிடுதல் என்றதும் கலிலேயாவின் படகைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. 1986 சனவரியில், வறட்சியால் கலிலேயக் கடல் உள்வாங்கியிருந்தபோது, கினோசார் குடியிருப்பைச் சேர்ந்த மீனவச் சகோதரர் இருவர் சேற்றில் புதைந்திருந்த பழம்படகொன்றைக் கண்டனர். நீளம் 8 மீட்டருக்குச் சற்றுக் கூடுதல். காலம் ஏறத்தாழ முதல் நூற்றாண்டு. ஆண்டவரும் சீடரும் ஏறிய படகு இதுவென்று சொல்வதற்குச் சான்று ஒன்றுமில்லை, சொல்லவும் வேண்டாம். நம்மைத் தொட்டது வேறொன்று. ஆய்வாளர்கள் எண்ணிப் பார்த்தபோது அப்படகில் பத்துக்கும் மேற்பட்ட மரவகைகள் இருந்தன. கேதுருவும் கருவாலியும் இருந்த இடத்தில், கிடைத்த கட்டைகளையெல்லாம் வைத்து ஒட்டுப்போட்டிருந்தார்கள். அடிமரத்தின் ஒரு பகுதியே வேறொரு பழைய கலத்திலிருந்து எடுத்தது. இனி ஒட்டுப்போட இயலாது என்றானபின், பயன்படக்கூடிய உறுப்புகளைக் கழற்றிக்கொண்டு உடலை நீரில் தள்ளிவிட்டிருக்கிறார்கள். ஏழைத் தச்சனொருவன் பல ஆண்டுகள் விடாமல் பேணிய படகு அது. செபதேயுவின் மக்கள் படகிலிருந்து வலைகளைச் சீர்செய்துகொண்டிருந்ததாக மாற்கு எழுதும் இடத்தில் வரும் கிரேக்க வினைச்சொல்லையே, தவறிப்போனவரைத் திருத்தி நிலைநிறுத்துவதைக் குறிக்கத் திருத்தூதர் பவுல் கலாத்தியருக்கு எழுதும்போது ஆள்கிறார்.

2004 டிசம்பர் 26-க்குப் பின் நம் கரைகளில் நடந்ததை இந்த வெளிச்சத்தில் எண்ணிப் பார்க்கிறோம். ஆழிப்பேரலை ஆயிரக்கணக்கான உயிர்களைக் கொண்டுபோயிற்று; கட்டுமரங்களும் வள்ளங்களும் ஊருக்குள் தூக்கியெறியப்பட்டன. உதவ வந்தவர்கள், நம் திருச்சபை அமைப்புகள் உட்பட, பெரும்பாலும் புதிய ஃபைபர் படகுகளையே வழங்கினர். பெயர் எழுதி, கொடியசைத்து, புகைப்படம் எடுத்துக்கொள்ளப் புதிய படகுதான் ஏற்றது. செப்பனிட்டால் மீண்டும் கடலேறக்கூடிய கலங்கள் மணலிலேயே கிடந்தன. சில அமைப்புகள் மட்டும் முகாமிட்டுப் படகையும் எஞ்சினையும் பழுதுபார்க்கும் வேலையில் இறங்கின. சில ஊர்களில் முன்பிருந்ததைவிடக் கூடுதலாகப் படகுகள் சேர்ந்து, ஏறுவதற்கு ஆள் போதவில்லை. கட்டுமரமோ பல கரைகளில் அத்தோடு விடைபெற்றுக்கொண்டது. அந்த நாள்களில் நாமும் ஒரு புதிய படகை மந்திரித்துத் தண்ணீர் தெளித்தோம். அதனருகே கவிழ்ந்து கிடந்த பழைய வள்ளம் யாருடையது என்று கேட்கத் தோன்றவில்லை. இன்றும் அது நம்மை உறுத்துகிறது.

நம் இளைஞரின் படகுக்கு வருவோம். தாய்மாமனும் மருமகனும் ஆறு ஞாயிற்றுக்கிழமைகள், பூசை முடிந்த கையோடு, அதன்மேல் வேலை செய்தார்கள். அரித்த தகட்டை வெட்டி நீக்கி, நல்ல தகட்டை உள்ளும் புறமும் வைத்து, இடையே ரப்பர் கொடுத்து முடுக்கினார்கள். ஆலையில் எஞ்சின் பார்க்கும் பெரியவர் ஒருவர் தாமாகவே வந்து, பின்பலகை அதிர்வைத் தாங்குவதற்குக் குறுக்குச் சட்டமொன்று அடித்துக் கொடுத்தார். பெரிய எஞ்சின் வாங்கும் ஆசையை ஓடாவி ஒப்புக்கொள்ளவில்லை. “உடம்புக்குத் தக்க எஞ்சின்” என்பதோடு நிறுத்திக்கொண்டார்.

தொண்டிக்கு ஏற்றுமுன் நம் ஊர்க் கண்மாயில் இறக்கிப் பார்த்தார்கள். கடலையே பார்த்திராத சிறுவர்கள் கரை நெடுகக் கூடிவிட்டார்கள். எஞ்சின் இல்லை, துடுப்பு மட்டுமே. நடுக்கண்மாய் வரை போய்த் திரும்பிய இளைஞர் இறங்காமல் குனிந்து உள்ளே பார்த்துக்கொண்டிருந்தார். அணியத்தருகே ஓர் ஆணியோரம் நீர் மெல்லக் கசிந்திருந்தது. சட்டைப்பையிலிருந்து சுண்ணக்கட்டியை எடுத்து, அந்த இடத்தைச் சுற்றி ஒரு வட்டம் போட்டார்.