விட்டெல் ஊற்றும் குதிரைமசாலும்

தண்ணீர் பாட்டில் கம்பெனி என்றாலே நிலத்தடி நீரை உறிஞ்சுகிறவன் என்றுதான் நமக்குத் தோன்றும். அப்படி ஒரு கம்பெனி விவசாயிகளின் வீட்டு வாசலில் போய் நின்ற வரலாறு இது.

பிரான்சின் வடகிழக்கில், வோஜ் மாவட்டத்தில் விட்டெல் என்று ஓர் ஊர். 1854-ல் லூயி பூலூமியே என்ற வக்கீல் அங்கே ஓர் ஊற்றை வாங்கினார். முதலில் குளியல் விடுதி, பிறகு பாட்டில் தண்ணீர். ஊர் பெயரே தண்ணீரின் பெயராகிவிட்டது.

1980-களில் அந்த நீரில் நைட்ரேட் ஏறத் தொடங்கியது. பால்மாடு வளர்த்தவர்கள் புல்வெளியை உழுது தீவன மக்காச்சோளம் போட்டிருந்தார்கள். அறுவடை முடிந்தால் குளிர்காலம் முழுக்க நிலம் மொட்டையாகக் கிடக்கும். உரமும் சாணமும் மழையோடு கீழே இறங்கும். பிடித்து வைக்க வேர் வேண்டாமா? வடிகட்டி விற்கலாமே என்பீர்கள். இயற்கைக் கனிமநீர் என்ற பெயரில் விற்க வேண்டுமானால் சட்டம் அதற்கு இடம் தராது.

1989-ல் அரசின் வேளாண் ஆய்வு நிறுவனம் கம்பெனியோடு சேர்ந்து ஆய்வைத் தொடங்கியது. மண்ணை மட்டுமல்ல, அந்தக் குடும்பங்களின் கணக்கு வழக்கையும் பார்த்தார்கள். எனக்குப் பிடித்த இடம் இதுதான். நிலம் வாங்கிய கடன் கழுத்தை நெரிக்கும்போது எவன் பயிரை மாற்றுவான்?

1992-ல் அக்ரிவேர் என்ற துணை நிறுவனம் வந்தது. நிலக்கடனிலிருந்து விடுவித்தார்கள். கம்பெனி வாங்கிய நிலத்தையும் அவர்களே உழ விட்டார்கள். மாறும் சில ஆண்டுகளுக்கு ஹெக்டேருக்கு வருடம் சுமார் 200 யூரோ. ஒப்பந்தம் 18 அல்லது 30 ஆண்டு. பதிலுக்கு மக்காச்சோளமும் ரசாயனமும் கிடையாது. புல்லும் குதிரைமசாலும், மக்கவைத்த சாணமும்தான். பேசி முடிக்கவே ஆண்டுகள் ஆயின. ஆனால் 2004-க்குள் அங்கிருந்த பண்ணைகள் ஏறக்குறைய எல்லாமே சேர்ந்துவிட்டன.

இத்தனையும் நீரின் தூய்மைக்காக. அளவு வேறு விஷயம். அதே ஊரில் இன்னும் ஆழத்திலுள்ள ஒரு நீரடுக்கிலிருந்து கம்பெனி, பாலாடைக்கட்டி ஆலை, ஊர்மக்கள் எல்லோரும் எடுக்க, பல பத்தாண்டுகளாக மட்டம் இறங்கியது. மக்களுக்கு வெளியிலிருந்து குழாயில் கொண்டுவரலாம் என்ற திட்டம் எதிர்ப்பால் 2019-ல் கைவிடப்பட்டது. அனுமதியில்லாத ஆழ்துளைக் கிணறுகள், விதிமீறிய சுத்திகரிப்பு ஆகிய புகார்களை முடித்துக்கொள்ள, விட்டெலின் உரிமையாளரான நெஸ்லே வாட்டர்ஸ் 2024 செப்டம்பரில் 20 லட்சம் யூரோ அபராதம் கட்டச் சம்மதித்தது.