பல் பதியம்: வரலாறும் பயனும்

பல் பதியம் என்பது, விழுந்துபோன பல்லின் வேருக்குப் பதிலாகத் தாடை எலும்புக்குள் சிறிய டைட்டானியத் திருகு ஒன்றைப் பதித்து, அதன்மேல் செயற்கைப் பல்லைப் பொருத்தும் மருத்துவ முறையாகும். மக்கள் வழக்கில் இது ‘இம்பிளாண்ட்’ என்றே அறியப்படுகிறது. கழற்றி மாட்டும் பல்செட்டு, பக்கத்துப் பற்களைப் பிடிமானமாகக் கொண்டு கட்டும் பாலம் ஆகியவற்றுக்குப் பின் பரவலான மூன்றாவது வழி இது. தாம்பரம், குரோம்பேட்டை, சேலையூர், மேடவாக்கம் ஆகிய பகுதிகளின் பல் மருத்துவமனைப் பெயர்ப்பலகைகளில் இச்சொல் இன்று சாதாரணமாகக் காணப்படுகிறது. ஆனால் இந்நிலையை எட்டப் பல நூற்றாண்டுகள் ஆயின.

பழங்கால முயற்சிகள்

இழந்த பல்லின் இடத்தை நிரப்பும் ஆசை மிகப் பழமையானது. இத்தாலியில் வாழ்ந்த எட்ருஸ்கர்கள் கிறித்துவுக்கு முன்பே தங்கப் பட்டைகளால் பற்களைப் பிணைத்துக் கட்டினர். நடு அமெரிக்காவின் ஹோண்டுராஸ் நாட்டில் 1931ஆம் ஆண்டு கிடைத்த மாயர் காலத் தாடை எலும்பு ஒன்றில், கீழ் முன்பற்களின் இடத்தில் சிப்பி ஓட்டுத் துண்டுகள் மூன்று பதிக்கப்பட்டிருந்தன. 1970இல் அதை எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தபோது, துண்டுகளைச் சுற்றி எலும்பு வளர்ந்திருந்தது தெரிந்தது. எனவே அவை அந்த மனிதர் உயிரோடிருந்தபோதே பதிக்கப்பட்டவை என்று ஆய்வாளர்கள் கருதினர்.

பதினெட்டாம் நூற்றாண்டு இலண்டனில் வேறொரு வழக்கம் இருந்தது. ஏழைகளின் நல்ல பற்களை விலைக்கு வாங்கிப் பிடுங்கி, செல்வர்களின் வாயில் பொருத்தினர். அறுவை மருத்துவர் ஜான் ஹண்டர் இம்முறையை ஆதரித்தார். பொருத்திய பற்கள் நெடுங்காலம் நிலைக்கவில்லை, நோய்களும் தொற்றின. ஒருவர் பல் பெற இன்னொருவர் பல்லை இழக்க வேண்டியிருந்த அந்த வழக்கம் மெல்ல மறைந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் கெட்டிப்படுத்திய ரப்பரில் செய்த பல்செட்டுகள் வந்தன. 1930களின் இறுதியில் அக்ரிலிக் அந்த இடத்தைப் பிடித்தது.

டைட்டானியமும் எலும்பும்

இன்றைய பல் பதியத்தின் அடிப்படை, பல்லைத் தேடாத ஓர் ஆய்வில் கிடைத்தது. சுவீடன் நாட்டு மருத்துவர் பெர் இங்வார் பிரோனமார்க், 1952இல் லுண்ட் நகரில், எலும்புக்குள் இரத்தம் ஓடும் விதத்தை ஆராய்ந்துகொண்டிருந்தார். அதற்காக முயலின் கால் எலும்பில் டைட்டானியத்தால் ஆன சிறு காட்சிக் கருவியைப் பதித்தார். ஆய்வு முடிந்து கழற்ற முயன்றபோது கருவி வரவில்லை. எலும்பு அந்த உலோகத்தோடு ஒன்றிவிட்டிருந்தது. உடல் அதை அந்நியப் பொருளாகத் தள்ளிவிடவில்லை.

இந்தப் பிணைப்பைப் பல் மருத்துவத்துக்குப் பயன்படுத்தலாம் என்று அவர் எண்ணினார். 1965இல் கோத்தன்பர்க் நகரில் கோஸ்டா லார்சன் என்பவரின் கீழ்த்தாடையில் டைட்டானியத் திருகுகளைப் பதித்தார். பிறவியிலேயே தாடைக் குறைபாடு கொண்டிருந்த லார்சன், அத்திருகுகளின் துணையோடு 2006இல் இறக்கும் வரை நாற்பது ஆண்டுகளுக்கு மேல் உணவை மென்று உண்டார்.

மருத்துவ உலகம் இதை உடனே ஏற்கவில்லை. அதற்கு முன் வந்த பல உலோகப் பதியங்கள் சீழ் வைத்தும் ஆட்டம் கண்டும் தோற்றிருந்ததால் ஐயம் நிலவியது. 1982இல் கனடாவின் டொராண்டோ நகரில் நடந்த மாநாட்டில் நீண்டகாலச் சான்றுகள் முன்வைக்கப்பட்ட பிறகே இம்முறை உலகெங்கும் பரவியது. பிரோனமார்க் 2014இல் காலமானார்.

டைட்டானியத்தின் தாதுவான இல்மனைட், கன்னியாகுமரி மாவட்டம் மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் கிடைக்கிறது என்பதும் இங்கே நினைவுகொள்ளத்தக்கது.

சென்னையில் பல் மருத்துவம்

இந்தியாவில் முறையான பல் மருத்துவக் கல்வியைத் தொடங்கியவர் டாக்டர் ஆர். அகமது. அவர் 1920இல் கல்கத்தாவில் நாட்டின் முதல் பல் மருத்துவக் கல்லூரியை நிறுவினார். பல் மருத்துவர் சட்டம் 1948இல் இயற்றப்பட்டது. பட்டம் பெற்றவர்களோடு, பட்டமின்றிப் பல்லாண்டு தொழில் செய்துவந்தவர்களுக்கும் அச்சட்டம் பதிவேட்டில் தனிப் பகுதி ஒதுக்கியது.

சென்னையில் பாரிமுனையை அடுத்த ஈவினிங் பஜார் பகுதியில் சீனக் குடும்பத்தினர் நடத்திவந்த பல் மருத்துவ நிலையங்கள் பெயர் பெற்றவை. சீனாவின் ஹூபெய் மாகாணத்தைப் பூர்விகமாகக் கொண்ட இவர்களிடம் பல் கட்டும் தொழில் தலைமுறை தலைமுறையாகக் கைமாறி வந்தது.

1953இல் சென்னை மருத்துவக் கல்லூரியின் பல் மருத்துவப் பிரிவு தொடங்கியது. அதுவே வளர்ந்து தமிழ்நாடு அரசு பல் மருத்துவக் கல்லூரி ஆயிற்று. இது கோட்டை ரயில் நிலையத்தின் அருகே உள்ளது. கடற்கரை – தாம்பரம் மின்சார ரயில் 1931 முதலே ஓடியதால், புறநகர் மக்கள் ஒரே வண்டியில் ஏறி அங்கே சென்று சேர முடிந்தது. தாம்பரத்தில் பல்வலி வந்தால் ‘கோட்டைக்குப் போவது’ ஒன்றே பலருக்கும் கைக்கெட்டிய வழியாக இருந்த காலம் அது.

தென்புறநகரில்

1980களின் இறுதியிலிருந்து தனியார் பல் மருத்துவக் கல்லூரிகள் பெருகின. இன்று பள்ளிக்கரணையில் ஸ்ரீ பாலாஜி, உத்தண்டியில் ராகாஸ், வண்டலூரை அடுத்த ரத்தினமங்கலத்தில் தாகூர், காட்டாங்குளத்தூரில் எஸ்.ஆர்.எம். எனத் தாம்பரத்தைச் சுற்றியே பல கல்லூரிகள் இயங்குகின்றன. இவற்றின் மருத்துவமனைகளில் முதுநிலை மாணவர்கள் பேராசிரியர்களின் மேற்பார்வையில் சிகிச்சை செய்வதால், கட்டணம் வெளியிடங்களைவிடப் பொதுவாகக் குறைவு.

பல் பதியவியல் இந்தியாவில் தனி எம்.டி.எஸ். பிரிவு அன்று. செயற்கைப் பல் சீரமைப்பு, வாய் முக அறுவை மருத்துவம், ஈறு நோயியல் ஆகிய மூன்று துறையினரும் இதைப் பயில்கின்றனர்.

நன்மைகள்

தாடை எலும்பு மெல்லும் விசையைத் தாங்கும் வரையே தன் பருமனைக் காத்துக்கொள்ளும். பல் போன இடத்தில் எலும்பு ஆண்டுதோறும் கரையும். முழுப் பல்செட்டு அணிந்த முதியவர்களின் கன்னம் ஒட்டி, முகவாய் மேலே ஏறுவது இதனால்தான். பதியம் எலும்புக்கு மீண்டும் வேலை கொடுப்பதால் இந்தத் தேய்வு குறைகிறது.

பாலம் கட்டுவதற்கு இருபுறமும் உள்ள நல்ல பற்களை அராவ வேண்டும். பதியத்துக்கு அது தேவையில்லை. பல்செட்டு அணிந்தவர்கள் ஒதுக்கிவைக்கும் முறுக்கையும் வேர்க்கடலையையும் பெரும்பாலும் மென்று உண்ணலாம். பேச்சு குழறாது; கழற்றி வைக்கவும் வேண்டியதில்லை.

எல்லாப் பற்களையும் இழந்தவருக்கு ஒவ்வொரு பல்லுக்கும் ஒரு பதியம் வேண்டும் என்பதில்லை. 2002இல் கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் கூடிய வல்லுநர்கள், பல்லில்லாத கீழ்த்தாடைக்கு இரண்டு பதியங்கள் வைத்து அவற்றின்மேல் பல்செட்டை மாட்டுவதே முதல் தேர்வாக இருக்க வேண்டும் என்று அறிவித்தனர். கீழ்ப் பல்செட்டு ஆடி நழுவுவதால் கஞ்சியும் குழைந்த சோறுமாகக் காலம் கழிக்கும் முதியவர்களுக்கு இது செலவு குறைந்த தீர்வாகும்.

வரம்புகள்

பதியம் சொத்தையாகாது; ஆனால் அதைச் சுற்றியுள்ள ஈறும் எலும்பும் அழற்சிக்கு உள்ளாகலாம். கட்டுப்பாட்டில் இல்லாத நீரிழிவு, புகைபிடித்தல், தாடைக்குக் கதிர்வீச்சு பெற்றிருத்தல் ஆகியவை தோல்விக்கான வாய்ப்பைக் கூட்டும். நீரிழிவு மிகுந்த தமிழ்நாட்டில், சர்க்கரை அளவைச் சீராக்கிய பிறகே பதியம் வைப்பது நலம். தாடை வளர்ச்சி முடியாத சிறுவர்களுக்குப் பொதுவாக இது செய்யப்படுவதில்லை. எலும்பு பிணைய வழக்கமாக மூன்று முதல் ஆறு மாதம் காத்திருக்க நேரும். பிறகும் நாள்தோறும் துலக்குவதும், ஆறு மாதத்துக்கு ஒருமுறை பரிசோதிப்பதும் கட்டாயம்.

செலவும் சமூகமும்

ஒரு பதியத்துக்குப் பல ஆயிரம் ரூபாய் ஆகிறது. திருகு, இணைப்பு, மேல்பல் ஆகிய மூன்றுக்கும் சேர்த்தா, திருகுக்கு மட்டுமா என்பதை முன்பே கேட்டு எழுதி வாங்குவது நல்லது. மருத்துவர் தமிழ்நாடு பல் மருத்துவக் கவுன்சிலில் பதிவு பெற்றவரா என்பதையும், பதியத்தின் நிறுவனப் பெயர், அளவு ஆகியவற்றையும் குறித்துவைத்தால், பின்னாளில் வேறு ஊரில் பழுது பார்க்கவும் உதவும்.

பிறர் பல்லை விலைக்கு வாங்கிய காலம் போய்விட்டது. இன்று யாருடைய பல்லையும் பறிக்காமல் புதுப்பல் பெறலாம். ஆயினும் பணமுள்ளவர் பதியமும், இல்லாதவர் பல்செட்டும், அதற்கும் வழியற்றவர் பொக்கை வாயுமாக இருக்கும் வேறுபாடு இன்னும் நீங்கவில்லை. அரசு மருத்துவமனைகளிலும் கல்லூரி மருத்துவமனைகளிலும் இச்சிகிச்சை எவ்வளவு எளிதாகக் கிடைக்கிறதோ, அந்த அளவுக்கே இதன் பயன் எல்லோருக்கும் உரியதாகும்.