ஏரி மராமத்தும் அரசுப் பணமும்

தமிழ்நாட்டில் ஏரி, கண்மாய் என ஏறத்தாழ 39,000 நீர்நிலைகள் உள்ளன. இவற்றில் பெரும்பாலானவை பருவமழையின் சில வார நீரைத் தேக்கிவைத்து ஓரிரு போகத்துக்குக் கொடுப்பவை. மழை பொய்க்கும் ஆண்டில் ஓர் ஊர் தாக்குப்பிடிக்குமா என்பது, அதற்கு முந்தைய ஆண்டுகளில் ஏரி தூர்வாரப்பட்டதா, வரத்துக்கால் அடைபடாமல் இருந்ததா, மதகும் கலிங்கும் பழுதுபார்க்கப்பட்டனவா என்பதைப் பொறுத்தது. வறட்சிக்கான செலவை மழை பெய்யும் ஆண்டுகளிலேயே செய்தாக வேண்டும். அதை யார் ஏற்பது என்பதில்தான் தமிழக ஏரிகளின் வரலாறு திரும்பத் திரும்பச் சிக்கியிருக்கிறது.

சோழ மன்னன் முதலாம் பராந்தகன் காலத்து உத்தரமேரூர்க் கல்வெட்டுகள் (பொ.ஆ. 919, 921) குடவோலை முறையில் தேர்ந்தெடுக்கப்பட்ட ஆறு பேர் கொண்ட ஏரி வாரியத்தைக் குறிப்பிடுகின்றன. வாரியத்துக்கு வேலை இருந்ததுபோல அதற்கான பணத்துக்கும் வழி இருந்தது. பல ஊர்களில் ஏரிப்பட்டி என்ற பெயரில் நிலம் ஒதுக்கப்பட்டு, அதன் விளைச்சல் ஏரிப் பராமரிப்புக்குச் சென்றது. தனியார் பொன்னும் நிலமும் கொடையளித்தனர். ஊர்ச்சபை அதன் வட்டியிலிருந்து வண்டல் அள்ளும் ஓடங்களையும் ஆட்களையும் பராமரித்தது. இத்தகைய நிலங்களுக்கு வரி நீக்கப்பட்டபோது அரசும் இந்தச் செலவில் பங்கேற்றது. கருவூலத்திலிருந்து காசாகக் கொடுக்காமல், தனக்கு வரவேண்டியதை ஏரிக்கு விட்டுக்கொடுத்தது. பிற்காலத்தில், வயல்களுக்கு நீரைப் பங்கிட்டுவிடும் நீர்க்கட்டிகளுக்கு மானிய நிலமும், களத்தில் நெல்லைப் பங்கிடும் முன்பே எடுத்துவைக்கும் மேரையும் கிடைத்தன. இந்த ஏற்பாட்டை உயர்த்திப் பேசும்போது ஒன்றை மறைக்கக் கூடாது: மண் சுமந்தவர்களில் பெரும்பாலோர் ஒடுக்கப்பட்ட சாதியினர், அந்த உழைப்பு எப்போதும் விருப்பத்தின் பேரில் நடந்ததல்ல.

கிழக்கிந்தியக் கம்பெனியின் ரயத்துவாரி முறையில் ஒவ்வொரு வயலும் அளக்கப்பட்டு, ஒவ்வொரு விவசாயியிடமும் தனித்தனியே வரி வாங்கப்பட்டது. ஊரின் பொது மானியங்கள் பல அரசு வருவாய்க்குள் இழுத்துக்கொள்ளப்பட்டன. பெரிய பழுதுகளை அரசு பார்க்கும், சிறிய வேலைகளை வழக்கப்படி குடிகளே கூலியின்றிச் செய்ய வேண்டும் என்ற பிரிவினை உருவாயிற்று. பின்னது குடிமராமத்து. வருமானத்தை எடுத்துக்கொண்டு கடமையை மட்டும் ஊரிடம் விட்டதால் வேலை நடக்கவில்லை. அதைச் சட்டத்தால் வாங்க 1858-இல் கட்டாய உழைப்புச் சட்டம் வந்தது. சட்டம் பெரும்பாலும் ஏட்டளவிலேயே நின்றது.

1876–78 தாது வருடப் பஞ்சம் சென்னை மாகாணத்தில் பல இலட்சம் பேரைக் கொன்றது. நிவாரண வேலையாகச் சென்னை நகருக்குள் கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் கால்வாய்ப் பகுதி வெட்டப்பட்டது. பஞ்சம் வந்தபின் செலவழிப்பதைவிட முன்கூட்டியே ஒதுக்குவது மேல் என்ற எண்ணத்தில், ஆண்டுக்கு 1.5 கோடி ரூபாய் கொண்ட பஞ்சக் காப்பீட்டு ஒதுக்கீட்டை இந்திய அரசு அறிவித்தது. இரண்டாம் ஆப்கானியப் போரின் செலவு வந்ததும் அது சுருக்கப்பட்டது. மக்கள்மேல் போட்ட புதிய வரியைக் காட்டி உருவான நிதி இப்படிக் கைமாறியது, அந்த ஆட்சியின் முன்னுரிமை எதுவென்பதை வெளிப்படையாகக் காட்டியது.

1880-ஆம் ஆண்டின் பஞ்ச ஆணைய அறிக்கைக்குப் பின், இலாபம் தரும் பணிகளோடு, இலாபம் தராவிட்டாலும் பஞ்சத்தைத் தடுக்கும் ‘பாதுகாப்புப் பணிகள்’ என்ற வகைக்கும் இடம் கிடைத்தது. 1883-இல் சென்னை மாகாணத்தில் ஏரிச் சீரமைப்புத் திட்டம் தொடங்கியது. ஏரிகளைக் கணக்கெடுத்து, கரையின் உயரத்தையும் கலிங்கின் அளவையும் வரையறுக்கும் பொறுமையான வேலை பல பத்தாண்டுகள் நீடித்தது. இன்றும் பயன்படும் ஏரிக் குறிப்பேடுகள் அதன் விளைவு. அரசின் பெருந்தொகையோ பெரிய அணைகளுக்கே சென்றது. 1895-இல் திறக்கப்பட்ட பெரியாறு அணை அவற்றில் ஒன்று.

விடுதலைக்குப் பின் ஜமீன் ஏரிகளும் அரசிடம் வந்தன. நூறு ஏக்கருக்கு மேல் ஆயக்கட்டு (பாசனப் பரப்பு) உள்ளவை பொதுப்பணித் துறையிடமும் சிறியவை ஊராட்சி ஒன்றியங்களிடமும் சேர்ந்தன. மின்மோட்டார் கிணறுகள் பெருகியதும் வசதியுள்ள விவசாயிக்கு ஏரி மேலான அக்கறை குறைந்தது. நீர்ப்பிடிப்பில் சீமைக்கருவேலம் மண்டியது. 1973–74-இல் மத்திய அரசின் வறட்சிப் பகுதித் திட்டம், 1984 முதல் ஐரோப்பியப் பொருளாதாரச் சமூக உதவியுடன் ஏரி நவீனமயம், 2007-இல் உலக வங்கிக் கடனில் பாசன மேம்பாடு எனத் திட்டங்கள் வந்தன. மதகுகளும் கால்வாய்களும் புதிதாகின. திட்டக் காலம் முடிந்தபின் ஆண்டுப் பராமரிப்புக்கான வழி மட்டும் உறுதியாகவில்லை.

2016-இல் வடகிழக்குப் பருவமழை கடுமையாகப் பொய்த்தது. 2017 ஜனவரியில் மாநிலத்தின் எல்லா மாவட்டங்களும் வறட்சி பாதித்தவை என அறிவிக்கப்பட்டன. அதே ஆண்டு மார்ச்சில் 100 கோடி ரூபாயில் 1,519 பணிகளுடன் குடிமராமத்து என்ற பழைய பெயரிலேயே ஒரு திட்டம் தொடங்கியது. ஆயக்கட்டு விவசாயிகள் செலவில் பத்தில் ஒரு பங்கைப் பணமாகவோ பொருளாகவோ உழைப்பாகவோ தர வேண்டியிருந்தது, மீதி அரசுடையதாக இருந்தது. இதற்கிடையே மீன்பிடிக் குத்தகையும் கரை மரங்களின் வருமானமும் வெவ்வேறு துறைகளுக்கும் ஊராட்சிக்கும் பிரிந்தே செல்கின்றன. ஏரி ஈட்டும் பணம் அந்த ஏரிக்கே திரும்ப வேண்டும் என்ற பொதுக் கட்டாயம், ஏரிப்பட்டிகள் மறைந்தபின் வலுவாக நிலைபெறவில்லை.